பச்சைக் கட்டம் போட்ட கூடு

போன வாரம் பட்டுக்கோட்டையில் கைலி வாங்க ஒரு ஜவுளிக்கடைக்குப் போனேன். புதுத்துணியின் கஞ்சி வாசனை இருக்கிறதே, அது எனக்கு எப்போதுமே கொஞ்சம் போதை. கடைக்காரர் ஒவ்வொன்றாக உதறிப் போட்டுக்கொண்டே வந்தார். பச்சையில் வெள்ளைக் கட்டம் போட்ட ஒன்றை விரித்து, "சாயம் போவாது சார், கேரண்டி" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கவே முடியவில்லை. சரக்கைக் கேலி செய்கிறேன் என்று நினைத்து அவர் முகம் சுண்டிப்போயிற்று. இதே பச்சைக் கட்டக் கைலியின் மேல் ஒரு பருந்து குடும்பம் நடத்தியதைப் பார்த்தவன் நான் என்று அவரிடம் எப்படிச் சொல்வது? உங்களிடம் சொல்லலாம்.

இரண்டாயிரம் பிறந்து சில வருஷம் ஆகியிருந்தது. துபாய்ப் பக்கம் கடலைத் தூர்த்துத் தீவு கட்டிக்கொண்டிருந்தார்கள். அதற்குக் கல் வேண்டும். ராஸ் அல் கைமாவில் மலையை உடைத்து, லாரியில் ஏற்றி, ஜெட்டிக்குக் கொண்டுவந்து, கிரேனால் அள்ளி பார்ஜ் என்கிற தட்டைக் கப்பலில் கொட்டுவார்கள். லாரி வந்தால் நோட்டில் ஒரு கோடு, ஐந்தாவது லாரிக்குக் குறுக்கே ஒரு கோடு. அதுதான் என் டியூட்டி. பி.காம். படித்தது வீண்போகவில்லை.

கிரேன் ஓட்டியவர் தொண்டிக்காரர் ரஹீம் பாய். என் ரூம்மேட். முப்பத்தைந்து வயதிருக்கும். ஆள் ஒல்லி, குரல் கனம். அவருடைய கிரேனுக்குப் பக்கத்தில் என்றைக்கோ செத்துப்போன பழைய கிரேன் ஒன்று துருப்பிடித்து நின்றது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு நாள் கேம்ப் கொடியில் காயப்போட்டிருந்த ரஹீம் பாயின் கைலி காணாமல் போனது. அவர் மனைவி ஊரிலிருந்து கொடுத்துவிட்ட புதுக்கைலி, ஓரத்தில் சிவப்பு நூலால் 'ர' என்று தைத்தது. சந்தேகம் நேராக என் மேல் விழுந்தது. "ஒனக்கும் எனக்கும் ஒரே அளவு தம்பி" என்றார். கைலிக்கு ஏது பாய் அளவு என்று கேட்டிருக்கலாம். ரோஷத்தில் கேட்கவில்லை. நான்கு நாள் பேச்சுவார்த்தை கிடையாது. சமையல் முறை அவருடையது. எனக்கு மீனில் வால் துண்டாகவே விழுந்தது.

ஐந்தாம் நாள் என் வாக்கி-டாக்கி கரகரத்தது.

"தம்பி… என் கைலி கெடைச்சிருச்சு."

"எங்க பாய்?"

"பழைய கிரேன் உச்சில. ஒரு பருந்து அத விரிச்சுப் போட்டு உக்காந்திருக்கு. நீ எடுக்கல."

அவ்வளவுதான். மன்னிப்பெல்லாம் தனியாகக் கிடையாது. அன்று ராத்திரிச் சாப்பாட்டில் எனக்கு நடுத்துண்டு கிடைத்தது.

கீழேயிருந்து பார்த்தால் ஒரு சுள்ளிக் குவியல் போலத்தான் தெரியும். ரஹீம் பாயின் கேபினிலிருந்து பார்த்தால் கூடு கண்ணுக்கு நேரே. சுள்ளி, வலைத்துண்டு, நைலான் கயிறு, ஒற்றை மஞ்சள் கையுறை, எல்லாவற்றுக்கும் நடுவில் பச்சைக் கட்டம். அந்தப் பருந்தின் பெயர் விராலடிப்பான் என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரியும். தலையும் வயிறும் வெள்ளை, கண் வழியாக ஒரு கறுப்புப் பட்டை, கண்டிப்பான வாத்தியார் முகம். மீனைத் தவிர வேறொன்றும் தொடாது.

கூட்டில் இரண்டு பறவைகள். பெரியது எந்நேரமும் கூட்டிலேயே உட்கார்ந்திருக்கும். இருந்த இடத்திலிருந்து கத்தும். சின்னது கடலுக்கும் கூட்டுக்குமாக அலையும். மீனைப் பிடித்து, தலைப்பக்கத்தைத் தான் தின்றுவிட்டு, மிச்சத்தைப் பெரியதன் காலடியில் கொண்டுவந்து வைக்கும். இதைப் பார்த்தவுடன் எங்களுக்கெல்லாம் விளங்கிவிட்டது. முன்னூறு ஆம்பிளைகள் இருந்த கேம்ப்பில் ஒருவருக்குக்கூடச் சந்தேகம் வரவில்லை. உட்கார்ந்து தின்பது முதலாளி, அலைகிறது லேபர். பெரியதற்கு 'கஃபீல்' என்று பெயர் வைத்தோம், எங்கள் விசாவுக்குச் சொந்தக்காரரை அப்படித்தான் சொல்வோம். சின்னதற்குப் பெயர் 'பர்மனென்ட்'.

லாரி வராத இடைவெளிகளில் ரஹீம் பாய் வாக்கி-டாக்கியில் வர்ணனை செய்வார். "பர்மனென்ட் டியூட்டிக்குப் போயிருக்கான். வெறுங்கையோட வர்றான். கஃபீல் திட்டுறாரு. மறுபடியும் போறான், பாவம்." ஜெட்டி போர்மேன் கான் பாய், பெஷாவர்க்காரர், முதலில் "காம் கரோ பாய், காம்!" என்று வேலையைப் பார்க்கச் சொல்லி வைதார். பத்தே நாளில் அவரும் மாட்டிக்கொண்டார். தமிழ் தெரியாததால் அவருக்கு ஒரே கேள்விதான்: "ரஹீம் பாய், மச்லீ ஆயா?" மீன் வந்துவிட்டதா? வந்துவிட்டது என்றால் ஜெட்டி முழுக்க ஒரு சந்தோஷம் பரவும். என்ன பிழைப்பு பாருங்கள், யாரோ பிடித்து யாரோ தின்கிற மீனுக்கு நாங்கள் வயிறு நிறைந்தோம்.

அந்தச் சமயத்தில்தான் புஜைராவிலிருந்து யோகன் வந்து சேர்ந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், மெதுவான பேச்சு, நல்ல ஆப்பரேட்டர். கம்பெனி அவரை ரிலீவராக அனுப்பியிருந்தது. லீவில் போகிறவரின் சீட்டில் திரும்பி வரும்வரை உட்காருபவர்தான் ரிலீவர். லீவில் போகவேண்டியவர் ரஹீம் பாய். அவர் ஊருக்குப் போய் மூன்று வருஷமாகப் போகிறது. அவர் கிளம்பி வந்த பிறகு பிறந்த மகள் சுமையாவுக்கு இரண்டரை வயது. வாப்பா என்றால் அவளுக்குப் போன். மனைவி பேசும்போதெல்லாம் கேட்பது ஒன்றுதான், எப்ப வர்றீங்க? லீவு ஃபாரம் நாலு மாதமாக அவர் பெட்டியில் கிடந்தது, கையெழுத்துப் போடாமல்.

பயம்தான் காரணம். லீவில் போய்த் திரும்பியவனுக்கு அவன் சீட்டு கிடைக்காமல், ஹெல்ப்பராக நின்ற கதைகள் கேம்ப்பில் நிறைய உலவின. யோகன் வந்த நாளிலிருந்து ரஹீம் பாய் சாப்பிடக்கூட கிரேனை விட்டு இறங்கவில்லை. டிபன் கேரியரைக் கயிறு கட்டி மேலே இழுத்துக்கொள்வார். டியூட்டி முடிந்தால் சீட்டில் போட்டிருந்த குஷனை அக்குளில் இடுக்கிக்கொண்டு ரூமுக்கு வருவார். தூங்கும்போது தலைக்குக் கீழே அதுதான். நான் சிரித்தால், "ஒனக்கென்ன, கோடு போடுறவன்" என்பார்.

யோகன் ஒருமுறை நேராகவே சொல்லிப் பார்த்தார். "அண்ணை, பிள்ளையைப் போய்ப் பாத்திட்டு வாங்கோவன். நான் உங்கட கிரேனை விழுங்கவே போறன்?" ரஹீம் பாய் குஷனை இன்னும் கொஞ்சம் இறுக்கிக்கொண்டார்.

யோகன் வந்த அதே வாரம் வானத்தில் மூன்றாவது பறவை வந்தது. பர்மனென்ட் அளவுதான், இறகு மட்டும் பளபளப்பு. கூட்டைச் சுற்றிச் சுற்றி வந்தது. வாக்கி-டாக்கியில் ரஹீம் பாயின் குரல் மாறிப்போயிருந்தது. "பாத்தியா தம்பி? அங்கயும் ரிலீவர் வந்துட்டான்."

பெயர் ஒட்டிக்கொண்டது. யோகனும் அதே வாக்கி-டாக்கியில் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். "நல்ல பேர், அண்ணை" என்றார், கோபமில்லாமல். எனக்குத்தான் வெட்கமாக இருந்தது.

அதற்கப்புறம் தினமும் சண்டை. பர்மனென்ட் மீனோடு வரும்போது ரிலீவர் மேலிருந்து பாயும். மீன் கடலில் விழும். இரண்டும் வெறுங்காலோடு கத்திக்கொண்டு சுற்றும். லாரி டிரைவர்கள் தலையை வெளியே நீட்டிப் பார்ப்பார்கள். அந்த வாரம் என் கோடுகளில் சில லாரிகள் விட்டுப்போயிருக்கலாம், கல்லாக இருந்ததால் யாரும் தேடவில்லை.

பிறகு சமால் காற்று அடித்தது. இரண்டு நாள் மணலும் அலையுமாக வேலை நின்றது. மூன்றாம் நாள் காலையில் பார்த்தால் பர்மனென்டைக் காணவில்லை. ரிலீவர் கிரேன் கொம்பில் உட்கார்ந்திருந்தது. ரஹீம் பாய் வர்ணனை செய்யவில்லை. நான்தான் கேட்டுக் கேட்டு வாங்கினேன்.

"ரிலீவர் மீன் கொண்டாந்துட்டான்."

"கஃபீல் வாங்கிட்டாரா?"

"வாங்கித் திங்கிறாரு. முதுகக் காட்டிக்கிட்டு."

ரிலீவர் கூட்டுக்குள் கால் வைத்ததும் கஃபீல் இறக்கையை விரித்து விரட்டிவிட்டதாம். மறுபடி மீன், மறுபடி முதுகு, மறுபடி விரட்டல். யோகன் வாக்கி-டாக்கியில் வந்து, "சாப்பாடு வாங்கினா வேலை குடுக்கோணும் எண்டில்லைத்தானே, அண்ணை" என்றார். ரஹீம் பாய் சிரித்துவிட்டார். அந்த மனுஷனோடு அவர் சேர்ந்து சிரித்தது அதுதான் முதல் தடவை.

மறுநாள் பத்து மணிவாக்கில் பர்மனென்ட் வந்தது. வாலில் இரண்டு இறகு இல்லை. வந்த வேகத்தில் நேராக ரிலீவர் மேல் பாய்ந்தது. நகத்தோடு நகம் பின்னிக்கொண்டு இரண்டும் பம்பரமாகச் சுழன்று கீழே விழுந்தன. தண்ணீருக்கு ஒரு ஆள் உயரம் இருக்கும்போது பிரிந்தன. கான் பாய் தொப்பியைக் கழற்றி ஆட்டி, "மார்! மார்!" அடி, அடி என்று கத்தினார். மேலே கஃபீல் எழுந்து நின்று அதுவும் கத்தியது. கடைசியில் ரிலீவர் தாழப் பறந்து கடலோரமாகவே தெற்கே போய்விட்டது. லாரிகள் எல்லாம் ஹாரன் அடித்தன. அன்றைக்கு நான் பட்ட சந்தோஷத்தை வேலை கிடைத்த அன்றுகூடப் பட்டதில்லை.

பர்மனென்ட் ஓய்வெடுக்கவில்லை. போய் ஒரு மீனைக் கொண்டுவந்து கஃபீல் முன் வைத்தது. கஃபீல் தின்று முடித்தது. கூட்டில் திடீரென்று இறக்கைகள் படபடத்தன.

"பாய், என்ன ஆச்சு?"

"தம்பி… பர்மனென்ட் கஃபீல் முதுகு மேல ஏறிட்டான்."

"மறுபடி சண்டையா?"

"சண்ட இல்லடா. யா அல்லாஹ். அது முதலாளி இல்லடா தம்பி. பொஞ்சாதி."

கேட்டவர்களெல்லாம் அண்ணாந்து கூட்டைப் பார்த்தோம். கான் பாய் மட்டும், "க்யா ஹுவா? மச்லீ ஆயா?" என்று, நடந்தது புரியாமல், கேட்டுக்கொண்டிருந்தார். இரண்டு மாதமாக நாங்கள் முதலாளி, தொழிலாளி, வேலைப் போட்டி என்று பேசிப் பேசி மாய்ந்தது ஒரு புருஷன் பெண்டாட்டி வீட்டை. அவன் அலைந்தது அவளுக்கு மீன் கொடுக்க. அடிபட்டுத் திரும்பி வந்தது அவளிடம். வீடு என்கிற ஒன்று எங்கள் யாருடைய நினைப்பிலும் வரவில்லை பாருங்கள். வீட்டை விட்டு வந்து அத்தனை நாள் ஆகியிருந்தது எங்களுக்கு.

அன்று சாயங்காலம் ரஹீம் பாய் லீவு ஃபாரத்தை எடுத்து என் முன்னால் வைத்தார். "இங்கிலீசுல நெரப்பு" என்றார். காரணம் என்ற இடத்தில் என்ன போட என்று கேட்டேன். "பருந்துன்னு போட முடியுமா? பேமிலின்னு போடு."

வெள்ளிக்கிழமை இருவரும் துபாயில் தேரா பஜாருக்குப் போனோம், சாமான் வாங்க. கடைக்காரர் கீழக்கரைக்காரர். கவுன் வேண்டும் என்றதும், "புள்ள எவ்வளவு ஒசரம்?" என்றார். ரஹீம் பாய் கையை முழங்காலுக்கு நேராக வைத்தார். யோசித்து இடுப்புக்கு உயர்த்தினார். பிறகு இரண்டுக்கும் நடுவில் வைத்து அப்படியே நின்றார். கண் கலங்கிவிட்டது. கடைக்காரர் மூன்று அளவிலும் ஒவ்வொன்று எடுத்துக் கட்டினார்.

கிளம்பும் அன்று ஜெட்டிக்கு வந்து யோகன் கையில் குஷனைக் கொடுத்தார். "சீட்டு ஒரு பக்கம் குத்தும். இதப் போட்டுக்க." யோகன் அதை வாங்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டார். "சுகமாப் போட்டு வாங்கோ, அண்ணை."

அதன்பிறகு வர்ணனை யாழ்ப்பாணத் தமிழில் நடந்தது. கூட்டில் முட்டை வந்தது. ஒன்றரை மாதம் கழித்து, "ரெண்டு குஞ்சு! வாயைப் பிளந்துகொண்டு நிக்குதுகள்!" என்றார் யோகன். டெலிபோன் கார்டு வாங்கி நானும் யோகனும் தொண்டிக்குப் பேசினோம். கைலியைப் பருந்து தூக்கிப்போன கதையை மனைவி கடைசிவரை நம்பவில்லையாம், யாருக்குக் கொடுத்தீங்க என்று ஒரே கேள்வியாம். சுமையா முதல் மூன்று நாள் கதவுக்குப் பின்னால் நின்றே பார்த்தாளாம். இப்போது தோளை விட்டு இறங்குவதில்லையாம். நடுச்சைஸ் கவுன்தான் சரியாக இருந்ததாம். போனைப் பிடுங்கி அவளே கேட்டாள்: "பருந்து கைலியக் குடுத்துருச்சா?"

ரஹீம் பாய் திரும்பி வந்தார். சீட்டு அவருக்கே கிடைத்தது. யோகனுக்கு வேறு கிரேன் கிடைத்தது. அடுத்த வருஷமும் லீவில் போனார், அதற்கடுத்த வருஷமும். நாலாவது தடவை போனவர் வரவில்லை. தொண்டியில் வலைக்கடை போட்டுவிட்டேன், சீட்டை யோகனையே வச்சுக்கச் சொல்லு என்றார் போனில். எந்த சீட்டுக்காக மகளைப் பார்க்காமல் இருந்தாரோ அந்த சீட்டு. எனக்கு விசில் அடிக்கவேண்டும் போலிருந்தது.

அந்தப் பழைய கிரேனைப் பிற்பாடு வெட்டி இரும்புக்குக் கொடுத்துவிட்டார்கள். குஞ்சுகள் பறந்துபோய், கூடு காலியாகும்வரை கான் பாய் ஏதேதோ சாக்குச் சொல்லி வெட்ட விடவில்லை. கூட்டை இறக்கியபோது யோகன் கைலியைத் தேடி எடுத்தார். சாயம் முழுக்கப் போய் வெள்ளைத் துணியாகியிருந்தது, பச்சையும் இல்லை, கட்டமும் இல்லை. ஓரத்தில் சிவப்பு நூலில் 'ர' மட்டும் இருந்தது. இன்று அந்த ஜெட்டி இல்லை, கேம்ப் இல்லை, கான் பாய் எங்கே என்று தெரியாது. யோகன் கனடாவில் இருக்கிறார்.

கடைக்காரரைச் சமாதானப்படுத்த அந்தப் பச்சைக் கட்டக் கைலியையே வாங்கினேன். வெளியே வந்து தொண்டிக்குப் போன் போட்டேன். ரஹீம் பாய் எடுத்ததும், "மச்லீ ஆயா?" என்றேன். அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு. பிறகு அந்தக் கனத்த குரல் உள்ளே திரும்பிக் கத்தியது: "சுமையா! பேரனத் தூக்கிட்டு வா, பருந்து மாமா பேசுறாரு."