லெமுவேலின் மனைவி

நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் விடுங்கள். போன நவம்பரில், வெர்மான்ட்டில் எங்கள் ஊர் சர்ச் கல்லறைத் தோட்டத்தில், பட்டப்பகலில் எனக்கு நடந்தது இது.

என் கொள்ளுத் தாத்தா ஈபெனைப் பெற்றவளுக்குப் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயர் என்ன? பதினோரு வருடமாகத் தேடி அலுத்துப் போயிருந்தேன். கல்யாணத்தன்று புருஷன் பெயர் வந்து ஒட்டிக்கொள்கிறது, பெண்ணின் பெயர் தொலைந்துபோகிறது. ஈபெனின் அப்பா லெமுவேல்; எந்த ஏட்டைப் புரட்டினாலும் 'லெமுவேலின் மனைவி'. அவ்வளவுதான். பற்றிக்கொண்டு வரும் எனக்கு. அடுத்த திங்கட்கிழமை எங்கள் குடும்ப வரலாற்றுப் புத்தகம் அச்சுக்குப் போக இருந்தது. அந்த ஓர் இடம் மட்டும் காலி.

கடைசி நம்பிக்கை, லெமுவேல் குடும்பத்து மூலையில் இருந்த ஒரு தேய்ந்த கல். கண்ணாடியால் வெயிலைப் பக்கவாட்டில் அடித்தால் எழுத்து தெரியும். அதற்கு இரண்டு பேர் வேண்டும். கூட வந்த சித்தப்பா மகன் ஆர்வில் வண்டியை விட்டு இறங்கவே இல்லை.

"செத்தவங்க எங்கயும் ஓடிட மாட்டாங்க வெல்டா. எனக்குக் குளுருது. நீயே பாத்துட்டு வா."

மணி 3.40. கண்ணாடி ஒரு கையில் நிற்கவில்லை. 'ஹுல்டா, லெமுவேலின் மனைவி.' அதற்குக் கீழே புல்.

"இங்கயும் இதேதானா!" கத்தியேவிட்டேன்.

"நான் புடிக்கட்டுமா?"

பின்னால் ஒரு பெண். சாம்பல் நிறச் சால்வை. பக்கத்துப் பண்ணைக்காரி என்று நினைத்தேன். கண்ணாடியை வாங்கிக்கொண்டு, "என் பேரு..." என்று ஆரம்பித்தாள்.

"அதெல்லாம் அப்புறம் சொல்லுங்க. வெளிச்சம் போயிடும்."

வாயை மூடிக்கொண்டாள். வெளிச்சம் கல்லில் விழுந்தது. துளியும் ஆடவில்லை. மெல்ல இறங்கி, கல்லின் அடியில் புல்மேல் நின்றது. கல் மண்ணுக்குள் புதைந்திருந்தது! மண்டியிட்டு, கையாலேயே தோண்டினேன்.

'தார்ன்லி வீட்டு மகள்.'

கிடைத்துவிட்டது! அழுகையே வந்தது.

"இன்னும் கீழ."

என் மூச்சு புகையாக வந்தது. அவளுக்கு... வரவில்லை.

'இறந்தது 1831.'

ஈபென் பிறந்தது 1834.

அப்படியானால் ஹுல்டா மூத்தாள். ஈபெனைப் பெற்றவள் அப்புறம் வந்த இளையாள். இருவரையும் ஒருத்தி என்று நினைத்துப் பதினோரு வருடம்!

"அப்ப ஈபெனைப் பெத்தது யாரு?" ஆத்திரத்தில் கேட்டேன்.



வெளிச்சம் நகர்ந்தது... என் முழங்காலடியில் நின்றது.

நிமிர்ந்தேன். வானம் முழுக்க மேகம்.

வெயிலே இல்லை.

திரும்பினேன். கண்ணாடி புல்லில் கவிழ்ந்து கிடந்தது.

யாரும் இல்லை.

மணி 4.05.

வண்டிக்கு ஓடினேன். "தனியா யார்கூட சண்ட போட்டுட்டிருந்த?" என்றான் ஆர்வில்.

மறுநாள் கல்லறைக் காவலர் நான் மண்டியிட்ட இடத்தில் இரும்புக் கம்பியை இறக்கிப் பார்த்தார். அடியில் ஒரு பழைய புதைகுழி. கல் கிடையாது. எந்த ஏட்டிலும் குறிப்பில்லை.

புத்தகத்தில் அந்த இடம் இன்னும் காலிதான். அவள் தன் பெயரைச் சொல்லத்தான் வந்தாள். நான் சொல்ல விடவில்லை.