அரையாண்டுச் சாட்சி

ஒரு பிள்ளையை யாராவது ‘சாந்தமான பிள்ளை’ என்று புகழ்ந்தால் எனக்கு இன்றும் பற்றிக்கொண்டு வருகிறது. என் மகளைப் பற்றி அவளுடைய வகுப்பு டீச்சர் ஒருமுறை அப்படிச் சொன்னபோது, ‘அவளுக்கு இங்கே யாரைக் கண்டு பயம் என்று முதலில் விசாரியுங்கள்’ என்று சொல்லிவிட்டு வந்தேன். டீச்சர் என்னைக் கிறுக்கி என்று நினைத்திருப்பார். நினைத்துவிட்டுப் போகட்டும். பத்து வயதில் அந்தப் பட்டத்தைச் சபை நடுவில் வைத்து எனக்கு ஒருவர் சூட்டப் பார்த்தார். நாற்பது வருஷம் ஆகியும் அந்த ஆள் மேல் எனக்குக் கோபம் தீரவில்லை.

எங்கள் ஊர் பாறசாலைக்கும் பனச்சமூட்டுக்கும் நடுவில் இருக்கிறது. தமிழ் பேசுகிற தாலுகாக்களைச் சென்னை மாநிலத்தோடு சேர்க்க வேண்டும் என்று போராட்டம் நடந்துகொண்டிருந்த காலம் அது. வீட்டில் தமிழ் பேசினோம், சர்க்கார் கச்சேரியில் மலையாளம் பேசினோம், ஆலயத்தில் ஒரு வாரம் அதுவும் ஒரு வாரம் இதுவுமாக ஜெபித்தோம். எங்கள் பள்ளிக்கூடத்தில் இருந்த தமிழ் வகுப்பை எடுத்துவிட்டார்கள். அதனால் அப்பாதான் எனக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தார்.

அப்பாவுக்கு ஆரியங்கோட்டுப் பக்கம் ஒரு தோட்டத்தில் ரப்பர் வெட்டுகிற வேலை. காலையில் மரப்பட்டையை வெட்டிவிட்டு, பால் எடுத்துக் கொடுத்துவிட்டு வந்தால் மத்தியானத்துக்கு மேல் போராட்டத்துக்குப் போய்விடுவார். ஊர்வலத்தில் கோஷம் எடுத்துக் கொடுப்பது அவர்தான். அப்படி ஒரு தொண்டை. அவர் பனச்சமூட்டு முக்கில் நின்று கத்தினால் எங்கள் வீட்டுக் கோழி தலையைத் தூக்கிப் பார்க்கும் என்று அம்மா கேலி செய்வாள். அந்தத் தொண்டைதான் எனக்கும் வாய்த்தது. கோபமும் கூடவே வந்தது. என் பின்னலைப் பிடித்து இழுத்த ஒரு பையனின் காதை நான் கடித்ததற்கு, அவன் அம்மா காதும் கையுமாக அவனைக் கூட்டிக்கொண்டு வீட்டு வாசலில் வந்து நின்றிருக்கிறாள்.

எங்கள் சபையில் ஒரு வழக்கம் இருந்தது. புதுவருஷ ஆராதனை முடிந்ததும் பெரியவர், சிறியவர் எல்லோரும் வரிசையாக வந்து ஒரு பிஸ்கட் டப்பாவில் கைவிட்டு ஆளுக்கொரு சீட்டு எடுக்க வேண்டும். சீட்டில் பொறுமை, உண்மை, தயவு என்று ஏதாவது ஒரு நற்குணம் எழுதியிருக்கும். எந்தக் குணம் கிடைக்கிறதோ அதில் அந்த வருஷம் முழுவதும் வளர வேண்டும். வளர்ந்தோமா என்று ஜூன் மாதக் கடைசி ஞாயிறில் சபை கூடிப் பார்க்கும். ஒவ்வொருவராக எழுந்து நிற்க வேண்டும். அவர்கள் வீட்டிலிருந்து ஒருவர் சாட்சி சொல்ல வேண்டும். ‘வளர்ச்சி உண்டா?’ என்று கேட்பார்கள். ‘உண்டு, ஸ்தோத்திரம்’ என்று வீட்டார் சொல்வார்கள். எனக்குத் தெரிந்து யாரும் வேறு பதில் சொன்னதில்லை. கள்ளு குடித்துவிட்டு வந்து பெண்டாட்டியை அடிக்கிறவருக்கு இச்சையடக்கம் என்று சீட்டு விழுந்தது. அந்தப் பெண்டாட்டியே வீங்கிய கன்னத்தோடு எழுந்து நின்று உண்டு என்றாள். சபையும் ஸ்தோத்திரம் என்றது.

பிள்ளைகளில் நன்றாக வளர்ந்ததாகத் தேர்ந்தெடுக்கப்படும் ஒருவருக்கு அறுப்பின் பண்டிகையன்று மேடையில் ஏறி வேதபாடம் வாசிக்கக் கிடைக்கும். அந்த வருஷம் தமிழ்ப் பாடம். பண்டிகைக்கு நாலு ஊர் ஜனங்கள் வருவார்கள். அப்பா சொல்லிக்கொடுத்த தமிழை அத்தனை பேர் முன்னால் உரக்க வாசிக்க வேண்டும் என்று எனக்கு வெறியே இருந்தது. ஆனால் ஜனவரியில் டப்பாவில் கைவிட்டபோது எனக்கு வந்த சீட்டில் சாந்தம் என்று எழுதியிருந்தது. நான் அதைச் சத்தமாகப் படித்ததும் ஆலயமே சிரித்தது. காது கடிபட்டவன்தான் அதிகம் சிரித்தான்.

மார்ச் மாதத்தில் ஒரு மத்தியானம் போலீஸ் ஜீப் பனச்சமூட்டு முக்கில் வந்து நின்று அப்பாவின் வீடு எது என்று கேட்டது. டீக்கடையில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். எல்லோரும் எங்கள் வீட்டில் கஞ்சி குடித்தவர்கள்தான். அப்படி ஓர் ஆளையே தெரியாது என்று ஒரே வாயாகச் சொன்னார்கள். பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்த எங்கள் ஞாயிறு பள்ளி சூப்பிரண்டு மட்டும் முன்னால் வந்து கையை நீட்டி வழி காட்டினார். மெயின் ரோட்டில் போனால் சுற்று, ஓடைக்கரை வழியாகப் போனால் சீக்கிரம் என்றும் சொன்னாராம். அவர் தாலுகா கச்சேரியில் குமாஸ்தா. இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, எப்போதும் கையில் ஒரு குடை.

அன்று கொண்டுபோன அப்பா பதினோரு நாள் கழித்துத் திரும்பி வந்தார். உள்ளங்கால் இரண்டும் வீங்கியிருந்தன. வலது கைப் பெருவிரல் மடங்கவில்லை. வெட்டுக்கத்தியைப் பிடிக்க முடியாததால் தோட்டத்தில் ரப்பர் பாலை ஷீட்டாக அடிக்கிற வேலைக்கு மாற்றினார்கள். என்ன நடந்தது என்று அவர் யாரிடமும் சொல்லவில்லை. கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னார், அதையும் பக்கத்தில் நிற்பவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

அம்மா என்னைக் கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போய் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டு சொன்னாள். “மக்கா, இனி நீ வெளிய மிண்டப்பிடாது. ஆரு என்ன சொன்னாலும் மிண்டப்பிடாது. நீ வாயத் தொறந்தா அப்பாவ மறுபடியும் கொண்டு போவினும், கேட்டியா?”

எனக்கு விளங்கியது அவ்வளவுதான். நான் பேசினால் ஜீப் வரும். அன்றிலிருந்து வாயை மூடிக்கொண்டேன். பள்ளிக்கூடத்தில் ஒருத்தி என் அப்பாவை ஜெயில்புள்ளி என்றாள். நான் அவள் காதைக் கடிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆலய வாசலில் சூப்பிரண்டு குடையை இடுக்கிக்கொண்டு நின்று என் தலையைத் தடவுவார். ஸ்தோத்திரம் என்று சொல்லிவிட்டு உள்ளே போவேன். பெஞ்சில் உட்கார்ந்ததும் பின்னல் நுனியை வாயில் வைத்துக் கடிப்பேன். ஜூன் மாதத்துக்குள் பின்னலில் கால்வாசி போய்விட்டது. பூச்சிவெட்டு என்று நினைத்து அம்மா வேப்பெண்ணெய் தேய்த்தாள்.

அந்த ஜூன் ஞாயிறும் வந்தது. முதலில் சூப்பிரண்டே எழுந்து தன் சாட்சியைச் சொன்னார். அவருக்கு விழுந்திருந்தது உண்மை. இந்த ஆறு மாதத்தில் கர்த்தர் அவரைக் கடுமையாகச் சோதித்தாராம். ஒரு விசுவாசியின் வீட்டைப் பற்றி அதிகாரிகள் கேட்டார்களாம். ஒரு சின்னப் பொய் சொல்லித் தப்பியிருக்கலாம், நெஞ்சு வலித்தது, ஆனாலும் உண்மையைத்தான் சொன்னேன் என்றார். சொல்லும்போது அவருக்குக் கண் கலங்கியது. அந்தக் கண்ணீர் பொய்யென்று நான் சொல்ல மாட்டேன், எனக்கு ஆத்திரமே அதனால்தான். அவர் மனைவி எழுந்து, உண்டு, ஸ்தோத்திரம் என்றார். மூன்றாவது வரிசையில் அப்பா தன் வீங்கிய காலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். டீக்கடையில் பொய் சொன்ன அந்த ஏழெட்டுப் பேரும் எங்கள் சபைக்காரர்கள் அல்லர். அவர்கள் சீட்டு எடுத்ததே இல்லை.

பிறகு பிள்ளைகளின் முறை. என் பேரைச் சொன்னதும் நான் எழுந்தேன். சூப்பிரண்டு என்னைப் பக்கத்தில் அழைத்து தோளில் கைவைத்துக்கொண்டு பேசினார். இந்தப் பிள்ளை புதுவருஷத்தில் எப்படி இருந்தது, இப்போது எப்படி இருக்கிறது என்று எல்லோரும் பாருங்கள் என்றார். அவள் வீட்டில் அவ்வளவு பெரிய கஷ்டம் வந்தபோதும் ஒரு கடுஞ்சொல் சொன்னாளா, ஒரு ஞாயிறாவது எனக்கு ஸ்தோத்திரம் சொல்லாமல் போனாளா என்று கேட்டார். கிறிஸ்தவக் குணம் வளர்கிறது என்றால் இதுதான் என்றார். இந்த வருஷம் வேதபாடம் இவள்தான் வாசிக்க வேண்டும் என்பது தன்னுடைய எண்ணம் என்றும் சொன்னார்.

சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, எனக்குச் சந்தோஷமாக இருந்தது. என் தோளில் இருந்தது யாருடைய கை என்பது மறந்துபோனது. மேடையும் பண்டிகைக் கூட்டமும் மட்டும் கண்ணில் தெரிந்தன. வீட்டார் உண்டு என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டியதுதான் பாக்கி.

“வீட்டுச் சாட்சி?” என்று சூப்பிரண்டு கேட்டார்.

அம்மா எழப்போனாள். அப்பா அவள் தோளை அமர்த்திவிட்டுத் தான் எழுந்தார். இடது கையால் முன் பெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

“இல்ல” என்றார்.

சூப்பிரண்டுக்குக் காதில் சரியாக விழவில்லை போலிருக்கிறது. என்ன சொன்னீர் என்று கேட்டார்.

“வளர்ச்சி இல்லண்ணு சொன்னேன். இந்தப் பிள்ளைக்கிட்ட இருக்கது சாந்தம் இல்ல.”

“பின்ன என்னவாக்கும்?”

“அது உமக்குத் தெரியும்” என்றார் அப்பா. மார்ச் மாதத்துக்குப் பிறகு அவர் குரல் கடைசி பெஞ்சுவரை கேட்டது அன்றுதான். சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

அம்மா சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள், அவளுக்கும் என்னைப் போலவே அவமானம் என்று நினைத்தேன். சூப்பிரண்டு கையிலிருந்த காகிதத்தில் என் பேரை அடித்தார். வேதபாடம் உபதேசியார் மகனுக்குப் போயிற்று. தமிழில் எழுத்துக்கூட்டி வாசிக்கிறவன்.

வீட்டுக்கு வந்து சேர்ந்ததும் நான் வெடித்தேன். மூன்று மாதமாக அடக்கிவைத்தது எல்லாம் வெளியே வந்தது. அடுப்படியில் இருந்த கஞ்சிச் சட்டியைத் தூக்கி முற்றத்தில் எறிந்தேன். “எல்லாருக்க முன்னாலயும் என்னய நாணங்கெடுத்திட்டியளே. போலீசுகாரனுக்க முன்னால தொறக்காத வாயி, எனக்க நல்லதக் கெடுக்கத்தான் தொறக்கணுமா?” என்று கத்தினேன். அந்த வார்த்தையை இப்போது எழுதக்கூடக் கை வரமாட்டேன் என்கிறது.

அம்மா என்னை அடிக்கக் கை ஓங்கினாள். அப்பா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

“அடியாத. அவ சத்தம் போடட்டும்” என்றார்.

சொல்லிவிட்டு வாசல்படியில் உட்கார்ந்து நான் கத்துவதைக் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் சிரிப்பு மாதிரி ஏதோ இருந்தது. என்னைக் கேலி செய்கிறார் என்றுதான் எனக்குப் பட்டது. இனி உங்களோடு பேசமாட்டேன் என்றேன். சொன்னபடியே பத்தொன்பது நாள் பேசாமல் இருந்தேன்.

அந்த நாட்களில் அப்பா தோட்டத்துக்குப் போகவில்லை. விடிவதற்கு முன்பே எழுந்து குளித்து, பெட்டியில் இருந்த வெள்ளை வேட்டியைக் கட்டிக்கொண்டு பாதையைப் பார்த்து வாசல்படியில் உட்கார்ந்துவிடுவார். ஒரு பையில் மாற்றுச் சட்டையும் துவர்த்துத் துண்டும் வைத்து அம்மா ஆணியில் மாட்டியிருந்தாள். அம்பூரியில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம் வந்தது, அதற்குப் போகிறார் போலும் என்று நினைத்தேன். கல்யாணம் முடிந்த பிறகும் பை அங்கேயே தொங்கியது. நான் கேட்கவில்லை. கேட்டால் பேசியதாகிவிடும்.

தினமும் நான் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும் நேரம் பார்த்து, “மக்களே, இங்க வா, ஒரு பாடம் வாசிச்சிட்டுப் போ” என்று கூப்பிடுவார். மடியில் தமிழ்ப் புத்தகம் இருக்கும். நான் காதில் விழாத மாதிரி அடுக்களை வழியாக இறங்கி மரச்சீனிக் கிழங்குத் தோட்டத்துக்குள் புகுந்து போய்விடுவேன்.

இருபதாம் நாள் அப்பா பழைய வேட்டியைக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போனார். அம்மா பையை ஆணியிலிருந்து எடுத்து உள்ளே வைத்தாள். அன்று சாயங்காலம் எனக்கு ஒரு பென்சில் தேவைப்பட்டது, அதனால் பேசினேன்.

பிறகு எல்லைக் கல் நட்டார்கள். தெற்கே நாலு தாலுகா சென்னை மாநிலத்துக்குப் போயிற்று, நாங்கள் மலையாளப் பக்கமே இருந்தோம். அப்பா கோஷம் போட்டதெல்லாம் எங்களுக்கு ஒன்றுக்கும் உதவவில்லை. அவரை அடக்கம் செய்து நாற்பதாம் நாள் ஜெபம் முடிந்த பிறகுதான் அம்மா எனக்கு விஷயத்தைச் சொன்னாள். அந்த மார்ச் மாதத்தில் போலீஸ் அப்பாவைச் சும்மா விடவில்லை. ஒரு வருஷம் நன்னடத்தை ஜாமீனில்தான் விட்டார்கள். கௌரவமான ஓர் ஆள் அவருக்காகக் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. போட்டது சூப்பிரண்டு. வழி காட்டிய பாவத்துக்குப் பரிகாரமாகப் போட்டாரோ, பெருமைக்குப் போட்டாரோ, தெரியாது. அவர் ஸ்டேஷனுக்குப் போய், இந்த ஆளுக்கு இனி நான் பொறுப்பில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அன்றைக்கே ஜீப் வரும். சபையில் இருந்த பெரியவர்கள் எல்லோருக்கும் இது தெரியும்.

அவர் போய்ச் சொல்லவில்லை. பத்தொன்பது நாளும் ஜீப் வராததைப் பார்த்துத்தான் அப்பா வேலைக்குப் போனாராம். என்ன இருந்தாலும் நல்ல மனுஷனாக்கும் என்று அம்மா சொன்னாள். எனக்கு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை, இன்றுவரை வரவில்லை. ஆனால் அந்த ஆளைவிட அதிகமாக நான் வெறுப்பது, பின்னலை ஆட்டிக்கொண்டு அடுக்களை வழியாக இறங்கிப் போன அந்தப் பத்து வயதுக்காரியைத்தான். எந்தக் காலையிலும் கொண்டுபோய்விடலாம் என்று தெரிந்துதான் அப்பா என்னைப் பத்தொன்பது நாளும் கூப்பிட்டார். மரச்சீனித் தோட்டத்துக்குள் அவர் குரல் நன்றாகவே கேட்கும். ‘இன்றைக்கும் திரும்பிப் பார்க்காமல் ஜெயித்துவிட்டேன்’ என்று நான் சந்தோஷமாகத்தான் பள்ளிக்கூடத்துக்கு நடந்தேன்.