ஃபெரியில் பக்கத்து இருக்கை

சில ஆண்டுகளுக்கு முன் பினாங்கில் ஒரு கிறிஸ்துவக் கல்லூரியில் சமூக உளவியல் படித்துக்கொண்டிருந்தேன். வேடிக்கையான இடம் அது. காலையில் சிற்றாலயத்தில் அயலாரை நேசிப்பது பற்றிப் பேசுவார்கள். அது முடிந்து வகுப்புக்குப் போனால், அயலார் எப்படியெல்லாம் விலகிப் போவார்கள் என்று பாடம் நடக்கும். கோயிலுக்குப் போகும் வீட்டுப் பெண்ணான எனக்கு இரண்டுமே பிடித்திருந்தன. அந்த நாட்களை நினைத்தால் இன்றும் ஏக்கமாக இருக்கிறது.

ஒருமுறை விரிவுரையாளர் ஒரு பயிற்சி கொடுத்தார். காலி இருக்கைகள் நிறைய உள்ள இடத்தில், முன்பின் தெரியாத ஒருவர் பக்கத்தில் போய் ஒட்டி உட்கார வேண்டும். பேசக் கூடாது. அவர் எப்படி விலகுகிறார் என்பதைக் கூட்டாளி தள்ளி நின்று கவனிக்க வேண்டும். நான் செபராங் ஜெயாவிலிருந்து தினமும் ஃபெரியில் கடல் தாண்டிப் படிக்கப் போகிறவள். மதிய ஃபெரியில் கூட்டமே இருக்காது. வசதியாகப் போயிற்று.

அலுவலக உடையில் ஒரு தமிழ் அக்கா சன்னலோரம் தனியாக இருந்தார். போய் இடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். என் கூட்டாளியான வகுப்புச் சீனப் பையன் கதவோரம் நின்று எங்களையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அக்கா விலகவில்லை. என்னைப் பார்த்தார், பிறகு அவனைப் பார்த்தார். சட்டென்று என் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

“பயப்படாதம்மா. அவன் எங்கேருந்து உன் பின்னாடி வரான்?” என்று காதோரம் கேட்டார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதற்குள் அவர் கைப்பேசியை எடுத்துவிட்டார். “போலீசுக்குப் போன் அடிக்கவா?”

“வேணாங்க்கா. அவன் என் கிளாஸ்மேட். இது அசைன்மென்ட்லா” என்று உளறிக் கொட்டினேன்.

நன்றாகத் திட்டப் போகிறார் என்று நினைத்தேன். அவரோ பெருமூச்சு விட்டார். “அப்பாடா. நல்ல படிப்புலா உங்களுது” என்று சிரித்தார். பிடித்த கையை மட்டும் ஃபெரி கரை சேரும்வரை விடவில்லை.

மறுநாள் வகுப்பில் எல்லாரும் விலகிப் போனவர்களைப் பற்றிச் சொன்னார்கள். எங்களுக்கு மட்டும் சொல்ல வேறு கதை இருந்தது.

அன்று படித்த கோட்பாடுகளில் பாதி மறந்துவிட்டது. ஆனால் இப்போதும் வேலைக்குப் போகும் வழியில், இத்தனை இருக்கைகள் காலியாக இருந்தும் ஒரு பெண் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தால், நான் நகர்வதில்லை. அவளுக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்றுதான் முதலில் பார்க்கிறேன்.