பசையும் பால்காரர் பசுவும்

பசை என்ற பெயர் பிறந்தது ஒரு தொலைபேசி அழைப்பில். என் நாத்தனார் மூச்சிரைக்கக் கூப்பிட்டாள். "அண்ணி, என் பொண்ணு பண்ணின கூத்தைக் கேளுங்க! மரத்துப் பிசினைக் காய்ச்சி, அவ அப்பா செருப்பைத் தரையோட ஒட்டி வெச்சிருக்கா. மனுஷன் ஆபீஸுக்குக் கிளம்பிக் காலைத் தூக்கறார், வரவே மாட்டேங்குது!"

வெறுங்காலோடு கிளம்பிய அவள் அப்பா, "நீ மாடு மேய்க்கத்தான்டி லாயக்கு" என்று திட்டிவிட்டுப் போனாராம். அன்று முதல் அவள் எங்களுக்குப் பசைதான்.

பசை வேதியியல் படித்து ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் சேர்ந்தாள். வயலில் சும்மா எரித்துவிடுகிற வைக்கோலை அரைத்து, செடிகொடியிலிருந்து காய்ச்சிய பசையைக் கலந்து, சூடாக அழுத்திப் பலகை செய்வது அவள் வேலை. இதற்கென்று மரம் வெட்ட வேண்டியதில்லையாம். எனக்குப் பாதிதான் புரிந்தது, பெருமை மட்டும் முழுசாக இருந்தது.

முதல் பலகைகளை மழை வெயில் தாங்குமா என்று கூடத்துக்குப் பின்னால் சாய்த்து வைத்தாள். பக்கத்துப் பால்காரரின் பசு வேலிக்குள் தலையை விட்டு அத்தனையையும் தின்று தீர்த்தது. கிழங்கு மாவும் கரும்புப் பாகும் கலந்த பசை, அதற்குக் கசக்குமா?

கூடத்தின் தலைவர் கூப்பிட்டார். "மாடு தின்ற பலகையில யாரும்மா பெஞ்சு செய்வாங்க?"

"விஷம் இல்லைன்னு தெரிஞ்சுபோச்சே சார்."

அவர் சிரிக்கவில்லை. மழைக்காலம் முடிவதற்குள் ஒரு பலகையாவது முழுசாக நிற்காவிட்டால் வைக்கோல் வேலையையே நிறுத்திவிட்டு, அவளைப் பெயின்ட் பிரிவுக்கு அனுப்பிவிடுவேன் என்றார். பசை முகம் சுண்டிப்போய் வீடு வந்தாள்.

மறுநாள் குடையை எடுத்துக்கொண்டு அந்தப் பசுவின் பின்னாலேயே நடந்தாள். அது எதைத் தின்கிறது, எதை முகர்ந்துவிட்டு விலகுகிறது என்று பார்க்கத்தான். தெருமுனையில் அப்பா பார்த்துவிட்டார்.

"என்னடி இது?"

"இதுக்குத்தான் லாயக்குன்னு நீங்கதானேப்பா சொன்னீங்க?"

ஒரு மரத்தின் தழையை ஆசையாகத் தின்ற பசு, கீழே உரிந்து கிடந்த பட்டையைத் தொடவில்லை. பசை அதை எடுத்துக் கடித்தாள். நாக்கைச் சுருட்டி இழுக்கும் துவர்ப்பு! தோல் பதனிட ஊறவைக்கிற பட்டை அது. அதன் சாற்றிலிருந்து தண்ணீரில் கரையாத பசை எடுக்கலாம் என்று படித்தது அப்போதுதான் அவளுக்கு ஞாபகம் வந்தது. மாவையும் பாகையும் கைவிட்டாள், பட்டையைக் காய்ச்சினாள். முதலில் வந்த பலகைகள் ஓடு மாதிரி நொறுங்கின. பக்குவம் பிடிபடுவதற்குள் மழைக்காலம் பாதி போய்விட்டது.

மழை ஓய்ந்ததும் தலைவர் பார்க்க வந்தார். பசைக்குச் சாப்பாடு கொண்டுபோகும் சாக்கில் நானும் நாத்தனாரும் அங்கே நின்றோம். மீதி மழை முழுக்க வெளியே நனைந்தும் பலகை உப்பாமல் நின்றது. தலைவர் தட்டிப் பார்த்து, "மழைக்குச் சரி. மாட்டுக்கு?" என்றார்.

பால்காரர் பசுவை அவிழ்த்துவிட்டார். பழைய ருசியில் ஓடிவந்து ஒரு நக்கு நக்கிய பசு, தலையை உதறிவிட்டுத் தலைவரின் சட்டை நுனியைக் கவ்வியது.

"உங்க சட்டைதான் அதுக்கு இனிக்குது சார்!" என்றாள் நாத்தனார். அப்போதுதான் அந்த மனிதர் வாய்விட்டுச் சிரித்தார்.

பெயின்ட் பிரிவுப் பேச்சு அதோடு போயிற்று. அந்தப் பலகையில் செய்த அலமாரியில்தான் அவள் அப்பா இன்று செருப்பை வைக்கிறார். பசை அதே கூடத்தில் பலகைப் பிரிவுக்குத் தலைவியாக இருக்கிறாள்.