அமெரிக்கா சித்தப்பா வீட்டில், ரஷ்யா எங்கள் வீட்டில்

அப்பாவும் சித்தப்பாவும் பேச்சை நிறுத்தியது அத்தையின் கல்யாணப் பத்திரிகையால். அதில் அப்பாவின் பெயருக்குக் கீழே சித்தப்பாவின் பெயர் கொஞ்சம் சின்ன எழுத்தில் அச்சாகிவிட்டது. இடம் போதவில்லை என்றார் அச்சகத்துக்காரர். சித்தப்பா நம்பவில்லை. செங்கல்பட்டில் ஒரே சுவருக்கு இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் அவர்கள். பின்னாலிருந்த கிணறு மட்டும் பொது. அத்தைக்குக் குழந்தையே பிறந்துவிட்டது. சண்டை அப்படியே இருந்தது.

சித்தப்பாவின் மகளும் நானும் பள்ளியில் ஒரே பெஞ்சு. எங்களுக்குள் சண்டை கிடையாது. மாமல்லபுரத்தில் நடக்கவிருந்த அறிவியல் கண்காட்சிக்கு டீச்சர் எங்கள் இருவரையும் ஒரு குழுவாகப் போட்டார். ஒருவர்மேல் ஒருவர் அணுகுண்டைக் குறிவைத்திருந்த காலத்திலேயே அமெரிக்காவும் ரஷ்யாவும் ஆளுக்கொரு விண்கலத்தை அனுப்பி, பூமிக்கு மேலே இரண்டையும் இணைத்தன; உள்ளே இருந்தவர்கள் கைகுலுக்கிக்கொண்டார்கள். அதைத்தான் நாங்கள் செய்து காட்ட வேண்டும். சீட்டுக் குலுக்கியதில் அவளுக்கு அமெரிக்கா, எனக்கு ரஷ்யா.

அப்பாவுக்கு மறைமலைநகரில் கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை. கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி வந்ததும் தகரமும் சுத்தியலுமாக உட்கார்ந்துவிடுவார். சித்தப்பா சிங்கப்பெருமாள் கோயிலில் டிங்கரிங் பட்டறை வைத்திருந்தார். அமெரிக்கக் கலம் அங்கே தயாரானது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கிணற்றடியில் இரண்டையும் சேர்த்துப் பார்த்தோம். இரண்டின் முனையிலும் ஒரு குழாய் நீட்டிக்கொண்டிருந்தது. மூக்கோடு மூக்கு இடித்து நின்றன.

"உங்க சித்தப்பன அந்தக் கொழாய எடுத்துட்டு ஓட்டை போடச் சொல்லு. என்னுது உள்ள போவும்" என்றார் அப்பா. நான் போய்ச் சொன்னேன்.

"நா எதுக்கு வாயத் தொறந்துகினு நிக்கணும்? உங்கப்பார மாத்திக்கச் சொல்லு" என்றார் சித்தப்பா. வந்து சொன்னேன்.

டீச்சரிடம் முறையிட்டோம். அவர் சிரிக்கவில்லை. "அவங்களுக்கும் இதே தகராறுதான். இன்னொருத்தர் கலத்துக்கு வழிவிட்டு நிக்க ரெண்டு நாட்டுக்கும் மனசில்ல. கடைசில ரெண்டு பேரும் ஒரே மாதிரி வளையம் செஞ்சாங்க" என்று தன் இரண்டு கை விரல்களையும் கோத்துக் காட்டினார். ஒரு வளையத்தின் இதழ்கள் மற்றதன் இடைவெளியில் போய் உட்காரும்.

இதற்கு இருவருமே ஒத்துக்கொண்டார்கள். அளவுதான் ஒத்துவரவில்லை. அப்பா மில்லிமீட்டரில் சொன்னார்; சித்தப்பாவின் பட்டறையில் எல்லாம் அங்குலக் கணக்கு. நாங்கள் சுவரைச் சுற்றி ஓடி ஓடிச் சொன்ன அளவுக்கு வெட்டிய தகரமெல்லாம் வீணாயிற்று. அந்த நாடுகளுக்கும் இந்தத் தொல்லை இருந்ததாம்.

கண்காட்சிக்கு முந்தின நாள் சாயங்காலம் சித்தப்பா, தகரம் வெட்டும் கத்திரியோடு கிணற்றடிக்கு வந்தார். எங்கள் சமையலறை ஜன்னலைப் பார்த்து, யாரையும் முறை சொல்லிக் கூப்பிடாமல், "இந்த எதழு இன்னா அளவுன்னு வந்து காட்டச் சொல்லு" என்றார். அப்பா எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு போனார். கிணற்றடிக்கு அவர் சட்டை போட்டுப் போய் அதற்குமுன் நான் பார்த்ததில்லை.

"இங்க கொஞ்சம் தேய்" என்றார் அப்பா.

"தேச்சா லூசாயிடும்."

"ஆவாது. தேய்."

அம்மா டீ போட்டு இரண்டு தம்ளரையும் என்னிடம் கொடுத்தனுப்பினாள். சித்தப்பா நின்றபடியே குடித்தார். விளக்குப் போடும் நேரத்தில் இரண்டு வளையங்களும் டக்கென்று கோத்துக்கொண்டன.

மறுநாள் சித்தப்பாவின் வேனில் கிளம்பினோம். அவர் ஓட்ட, அப்பா பக்கத்தில். பின்னால் நாங்கள் ஆளுக்கொரு கலத்தை மடியில் வைத்திருந்தோம். திருக்கழுக்குன்றம் தாண்டியும் முன்னால் இருவர் வாயும் அசைந்துகொண்டே இருந்தது. காற்றில் ஒன்றும் காதில் விழவில்லை.

கண்காட்சியில் நடுவர் குனிந்து, வளையத்தை இரண்டு முறை கழற்றி மாட்டிப் பார்த்தார். "இதுக்கப்புறம் அந்த ரெண்டு நாடும் சிநேகமாயிட்டாங்களா?" என்று கேட்டார்.

"ஆமா சார்" என்றேன் நான்.

"இல்ல சார், கீழ எறங்கினதும் பழையபடி மொறச்சிக்கினாங்க" என்றாள் சித்தப்பாவின் மகள்.

எங்களுக்குப் பின்னால் நின்றிருந்த அப்பாவும் சித்தப்பாவும் ஜன்னல் வழியே கடல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எங்களுக்குப் பரிசு கிடைக்கவில்லை.

அன்று சித்தப்பா எங்கள் வீட்டில்தான் சாப்பிடுவார் என்று நான் முடிவே செய்திருந்தேன். வேனை நிறுத்தியதும் கையைப் பிடித்து இழுத்தேன். "பொறவு பாத்துக்கலாம்மா" என்று என் தலையைத் தட்டிவிட்டுத் தன் வாசலில் நுழைந்துகொண்டார். அப்பா எங்கள் வாசலில் நுழைந்தார். இவ்வளவு பாடுபட்டும் ஒன்றும் ஆகவில்லையே என்று எனக்கு அழுகையாக வந்தது.

அப்பாவுக்குச் சோறு போடும்போது அம்மா கேட்டாள்: "வண்டியில இன்னா பேசினீங்க?"

"தகரத்தப் பத்தி."

"வரும்போது?"

"வரும்போதும் தகரந்தான்."

அவர் வேண்டாம் என்று சொல்லியும் அம்மா இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள். உள்ளங்கை அகலம்கூட இல்லாத ஒரு தகரத்தைப் பற்றி, வளர்ந்த இரண்டு ஆண்கள் மாமல்லபுரம் வரைக்கும், பிறகு அங்கிருந்து செங்கல்பட்டு வரைக்கும் பேசுவதற்கு அப்படி என்னதான் இருக்கும் என்று எனக்கு விளங்கவே இல்லை.