படத்தின் முடிவைச் சொன்னவர்

கதவு திறக்கப் போகும். வீட்டுக்காரச் சீமாட்டியின் கை கைப்பிடியில் இருக்கும். வெளியே ஏணியும் பெயின்ற் வாளியுமாக நெட்டையனும் கட்டையனும் தலை முதல் கால் வரை வெள்ளையாகி நிற்பார்கள். சரியாக அந்த இடத்தில் ‘சடக்’ என்று ஒரு சத்தம் கேட்கும். திரை வெறும் வெளிச்சமாகிவிடும். அந்த வெளிச்சத்தில் ஒரு நூல் துணுக்கு மட்டும் நடுங்கிக்கொண்டு நிற்கும். பிறகு மணி அடித்துப் பெரிய படம் தொடங்கும்.

கிளிநொச்சித் தியேட்டரில் ஆட்கள் வந்து உட்காரும்வரை போடுவதற்கென்று நான்கைந்து சின்னச் சிரிப்புப் படங்கள் இருந்தன. எல்லாம் பேச்சில்லாத பழைய வெள்ளைக்காரப் படங்கள். விழுவதும் எழும்புவதும் துரத்துவதும்தான் கதை. அவற்றையே ஞாயிற்றுக்கிழமைப் பகல் காட்சியில் மாறி மாறிப் போடுவார்கள். சனம் கச்சான் கொட்டையோடு பேசிக்கொண்டு வந்து உட்காரும். ஒருவரும் அதைப் படமாக எண்ணுவதில்லை. நாங்கள் நான்கு பேர் மட்டும் அதற்காகவே நேரத்தோடு போய் முன்வரிசையில் இருப்போம். பெரிய படம் எதுவென்று சில நாட்களில் எங்களுக்குத் தெரியாமலே இருக்கும்.

எழுபத்தெட்டிலிருந்து எண்பத்தொன்று வரையான கதை இது. இரணைமடுக் குளத்துத் தண்ணீரை நம்பி யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பம் எங்களுடையது. நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, பிறகு நெல்லுக் களஞ்சியம் ஒன்றில் மூட்டை நிறுக்கும் வேலையில் சேர்ந்திருந்தேன். முப்பது வயதாகியும் நாலு பேர் கூடிய இடத்தில் எனக்கு வாய் திறக்காது. களஞ்சியத்துக்கு முன்னால் ஒரு தேத்தண்ணிக் கடை. படம் முடிந்ததும் நாங்கள் அங்கேதான் கூடுவோம். கடைக்காரர், ஒரு டிராக்டர் சாரதி, நான், எங்கள் களஞ்சியத்தில் மூட்டை சுமந்த மலையகத்து அண்ணன். அந்த அண்ணனைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

கடையில் இரண்டு நீள வாங்கும், சாய்ந்து உட்கார ஒரேயொரு கதிரையும் இருந்தன. கதிரைக்கு ஒரு வழக்கம் வைத்திருந்தோம். பார்த்த சின்னப் படத்திலிருந்து ஒவ்வொருவரும் ஒரு கேள்வி போட வேண்டும். மற்றவர்களால் பதில் சொல்ல முடியாத கேள்வியைப் போட்டவருக்கு அடுத்த ஞாயிறுவரை கதிரை. நெட்டையன் மொத்தம் எத்தனை தரம் விழுந்தான், ஏணியில் எத்தனையாவது படி உடைந்தது, சீமாட்டியின் பூனை எந்தப் பக்கத்து யன்னலால் பாய்ந்தது என்று கேள்விகள் போகும். டிராக்டர்காரர் விரலை மடித்து எண்ணிக்கொண்டு வருவார். கடைக்காரர் சண்டை பிடிப்பார். கதிரை மட்டும் அநேகமாக அந்த அண்ணனிடமே இருக்கும்.

அவருக்கு எழுத வாசிக்கத் தெரியாது. ஆனால் கண் ஒன்றைப் பார்த்தால் அது அங்கேயே அச்சாகிவிடும். “அவன் சேத்துல விழுந்தப்ப இடது கால்லதாங்க சேறு. எந்திரிச்சு ஓடும்போது பாருங்க, வலது கால்ல இருக்கும்” என்பார். அடுத்த முறை படம் வரும்போது நாங்கள் மூவரும் காலையே பார்த்திருப்போம். அவர் சொன்னபடிதான் இருக்கும். உடைந்த மூன்றாம் படி அடுத்த காட்சியில் முழுசாக இருந்ததையும், சுவர் மணிக்கூடு படம் முழுக்க நாலேகாலிலேயே நின்றதையும் கண்டுபிடித்தவர் அவர்தான். ஒரு தரம் இருந்தது மறு தரம் மாறினால் அவருடைய கண்ணுக்குத் தப்பாது. “உமக்குப் பொலிஸிலை வேலை குடுத்திருக்க வேணும்” என்பார் கடைக்காரர். “எனக்குக் காக்கிச் சட்டையைக் கண்டா ஓடத்தாங்க தெரியும்” என்பார் அண்ணன். அதைச் சிரித்துக்கொண்டுதான் சொல்வார். எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தில் தேயிலைத் தோட்டத்தில் குடியிருந்த லயம் எரிந்து, உடுத்த துணியோடு வவுனியாவுக்கு வந்து, அங்கிருந்து எங்கள் பக்கம் வந்தவர் அவர். அதற்கு மேல் எதையும் அவர் சொன்னதில்லை. நாங்களும் கேட்டதில்லை.

பெயின்ற் அடிக்கும் படத்தின் முடிவு அவருக்கு மட்டும்தான் தெரியும் என்பது எங்கள் கூட்டத்தில் முடிந்த விஷயம். தோட்டத்தில் இருந்த காலத்தில் படம் காட்டும் வான் ஒன்று வந்து, காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பிரட்டுக்களத்தில் வேட்டியைத் திரையாகக் கட்டி அந்தப் படத்தைக் காட்டியதாம். “அந்தம்மா கதவைத் தொறக்கும். ரெண்டு பேரையும் பாத்துட்டுத் திட்டாது, சிரிச்சிரும். உள்ள கூப்பிட்டு சுடுதண்ணி குடுக்கும், சாப்பாடு போடும். அப்புறம் இந்த வீட்டுலயே இருந்துக்கங்கன்னு சொல்லிரும். ரெண்டு பேரும் ஒரே பாயில படுத்துத் தூங்குவாங்க. அதோட முடிஞ்சிரும்” என்பார். மூன்று வருடம் நாங்கள் அந்த முடிவோடுதான் வீட்டுக்குப் போனோம். திரை வெள்ளையானதும் மற்றச் சனம் கூச்சல் போடும். நாங்கள் நாலு பேரும் மீதியைப் பார்க்கிறவர்கள் போலச் சத்தமில்லாமல் இருப்போம். அவர் மட்டும் ஏன் அந்த இடம் வரும்போது இருக்கையின் நுனிக்கு வந்துவிடுகிறார், முடிவு தெரிந்தவருக்கு என்ன தவிப்பு என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை.

எண்பத்தொன்றின் தொடக்கத்தில் ஒரு கலியாணத்துக்காக யாழ்ப்பாணம் போனேன். அங்கே ஒரு பாடசாலை மண்டபத்தில் கட்டடத்துக்குப் பணம் சேர்க்கப் படம் காட்டினார்கள். முதலில் போட்டது எங்கள் படம். கிளிநொச்சியில் படச்சுருள் அறுந்திருந்த இடம் வந்தது. இங்கே அது அறுபடவில்லை. கதவு திறந்தது. சீமாட்டி அலறினாள். தெருமுனையிலிருந்து பொலிஸ்காரன் ஓடி வந்தான். கட்டையன் அந்த வழியால் போன லொறி ஒன்றில் பாய்ந்து ஏறிக்கொண்டான். நெட்டையன் கையை நீட்டிக்கொண்டு பின்னால் ஓடினான். லொறி நிற்கவில்லை. அவன் விழுந்து எழும்பி ஓடினான், மறுபடி விழுந்தான். படம் சுருங்கிச் சுருங்கி ஒரு வட்டமாகி, அந்த வட்டத்துக்குள் அவன் ஓடிக்கொண்டே இருக்க, மூடிவிட்டது. மண்டபம் முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன்.

திரும்பி வரும்போது பஸ் ஆனையிறவைத் தாண்டும் வரைக்கும் அந்த முடிவை எப்படிச் சொல்வதென்று மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். வாழ்க்கையில் முதல் தடவையாக நாலு பேருக்குச் சொல்ல என்னிடம் ஒன்று இருந்தது. ஒருவரைப் பொய்யர் ஆக்கப் போகிறேன் என்ற எண்ணம் வரவே இல்லை. கதிரையைத்தான் நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை கடையில் சொன்னேன். தடுமாறாமல் சொன்னேன். சொல்லி முடித்ததும் டிராக்டர்காரர் தொடையில் தட்டிச் சிரித்தார்.

“அப்ப மூண்டு வருசமா இந்த மனுசன் எங்களைப் பேய்க்காட்டியிருக்கிறார். சுடுதண்ணியாம், சாப்பாடாம், பாயாம். அண்ணை, வெள்ளைக்காரன் வீட்டிலை எங்கை பாய்?”

“அதை நாங்களெல்லோ முதல் யோசிச்சிருக்க வேணும்” என்றார் கடைக்காரர்.

“கொழுந்து கிள்ளின மாதிரிக் கதையையும் கிள்ளிக் கிள்ளிக் கூடையை நிரப்பிப் போட்டார்” என்றார் டிராக்டர்காரர்.

அவர்கள் கெட்ட மனிதர்கள் இல்லை. ஆனால் அந்தச் சொல்லில் கொழுந்து எதற்கு வந்ததென்று எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். நான் தேத்தண்ணியைக் குடித்தேன். அண்ணன் என்னை மட்டும் பார்த்தார்.

“நீங்க கண்ணால பாத்தீங்களா தம்பி?”

“ஓம் அண்ணை. பாத்தனான்.”

“லொறி நிக்கவே இல்லிங்களா?”

“இல்லை.”

“சரிங்க. அப்ப நீங்க பாத்ததுதான் முடிவு.”

எழும்பித் தோளில் கிடந்த துண்டால் கதிரையைத் துடைத்துவிட்டு, “உக்காருங்க” என்றார். நான் உட்கார்ந்தேன். அன்றைக்குப் பிறகு அவர் படத்துக்கு வரவில்லை. களஞ்சியத்தில் மூட்டையைத் தராசில் வைப்பார், நான் நிறுப்பேன், எடுத்துக்கொண்டு போவார். பகையும் இல்லை, பேச்சும் இல்லை.

ஒரு மாதம் போயிருக்கும். மத்தியானச் சாப்பாட்டு நேரம் நீலநிற விமானக் கடிதத் தாள் ஒன்றை எடுத்துக்கொண்டு என் மேசையடிக்கு வந்தார். அவருக்குக் கடிதம் எழுதிக் கொடுத்துவந்த வாத்தியார் மாற்றலாகிப் போய்விட்டாராம். “இந்தியாவுக்குங்க. என் புள்ளைக்கு” என்றார். அவருக்கு ஒரு மகள் இருப்பதை அன்றுதான் அறிந்தேன்.

நின்றபடியே சொன்னார். தோட்டத்து ஆட்களை இந்தியாவுக்கு அனுப்பும் ஒப்பந்தத்தில் மனைவிக்கும் மகளுக்கும் மாமனாரின் பெயரோடு இந்தியக் கடவுச்சீட்டு வந்துவிட்டது. அவருடைய விண்ணப்பம் எங்கோ தங்கிவிட்டது. எழுபத்தெட்டில் தலைமன்னாரில் இருவரையும் கப்பல் ஏற்றிவிட்டார். காகிதம் வந்ததும் பின்னால் வருவதாகப் பேச்சு. காகிதம் வரவில்லை. பிரட்டுக்களத்தில் படம் பார்த்தபோது பிள்ளைக்கு ஆறு வயது, அவருடைய தோளில் இருந்தாள். பாதியில் மழை கொட்டிப் படத்தை நிறுத்திவிட்டார்கள். அந்த இரண்டு பேரும் என்ன ஆனார்கள் என்று அவள் அழுதாள். லயத்துக்குத் திரும்பும் வழியில் நனைந்துகொண்டே அவர் ஒரு முடிவைச் சொன்னார். “கப்பல்ல ஏறும்போதும் அதத்தாங்க கேட்டா. அவங்க ரெண்டு பேரும் இன்னும் அந்த வீட்டுலதான் இருக்காங்களாப்பான்னு. ஆமாடான்னேன். இங்க வந்து தியேட்டர்ல அதே படத்தப் பாத்ததும், என்னைக்காச்சும் ஒரு நாள் கடைசி வரைக்கும் காட்டுவாங்க, நான் சொன்னது சரியா இருந்தாலும் இருக்கும்னு நெனச்சேன்.”

பிறகு அவர் எழுதச் சொன்னது இதுதான்: அப்பா சொன்ன முடிவு பொய். உண்மையான முடிவைப் பார்த்தவர் இந்தத் தம்பி. அதை அவரே கீழே எழுதுகிறார். “புள்ளகிட்ட ஒரு பொய்யோட இருக்கக்கூடாதுங்க. நீங்க பாத்தத அப்படியே எழுதிருங்க.”

பேனாவின் மூடியைக் கழற்றினேன். பிறகு எழுதினேன். “நான் உன் அப்பாவின் சிநேகிதன். யாழ்ப்பாணத்தில் அந்தப் படத்தை முழுவதும் பார்த்தேன். அப்பா சொன்ன முடிவு சரி. அவர்கள் இருவரும் அந்த வீட்டிலேயே இருந்துவிட்டார்கள்.” எழுதியதை வாசித்துக் காட்டச் சொன்னார். தாளில் இல்லாத பொலிஸ்காரனையும் லொறியையும் வாசித்துக் காட்டினேன். தாளை மடித்து ஒட்டி அவரே கொண்டுபோய்த் தபாலில் போட்டார்.

எண்பத்துநாலுக்குப் பிறகு கப்பலும் நின்றுபோனது. அதற்கு முன்பே அவர் துணுக்காய்ப் பக்கம் காடு வெட்டிக் காணி திருத்தப் போய்விட்டார். பின்னர் அங்கேயும் இல்லை என்றார்கள். இப்போதெல்லாம் கலியாண வீடுகளில் ஜெனரேற்றர் வைத்து வீடியோ போடுகிறார்கள். பிள்ளைகளுக்கென்று இப்படியான சின்னப் படங்களையும் இடையில் போடுவார்கள். போன மாதம் அந்தப் படம் வந்தது. பிள்ளைகள் லொறியைக் கண்டு உருண்டு சிரித்தார்கள். நான் கை கழுவப் போகிறவன் போல எழும்பிப் போனேன்.

அன்று போட்ட கடிதத்துக்கு மகளின் பதில் மூன்று மாதத்திலேயே வந்திருந்தது. உறையைப் பிரிக்காமலே என்னிடம் கொண்டுவந்தார். அன்று மழை. வேலை நடக்கவில்லை. வெறும் சாக்குகளின் மேல் இருவரும் உட்கார்ந்தோம். பள்ளிக்கூடத்தில் எழுதிப் பழகிய உருண்டை எழுத்து. அம்மாவுக்குத் தீப்பெட்டி ஆலையில் வேலை, தான் கணக்கில் முதலாவது, அப்பா எப்போது வருவீர்கள் என்றெல்லாம் வாசித்தேன். கடைசியில் இப்படி இருந்தது: “நீங்கள் எந்தப் படத்தைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள் என்று தெரியவில்லை அப்பா. எனக்கு அப்படி ஒன்றும் நினைவில் இல்லை. அம்மாவையும் கேட்டேன். அவளுக்கும் தெரியவில்லை.”

நான் நிறுத்தினேன். அவர் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“படத்தப் பத்தி ஒண்ணும் எழுதலைங்களா?”

“எழுதியிருக்கிறா அண்ணை” என்றேன். தாளைப் பார்த்தபடியே சொன்னேன். “‘படத்தின் முடிவை இங்கே என் கூட்டாளிகளுக்குச் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். ஆனாலும் எனக்கு அப்பா சொன்ன முடிவுதான் பிடிக்கும்’ எண்டு எழுதியிருக்கிறா.”

கூரைத் தகரத்தில் மழைச் சத்தம் கூடியது.

“அந்த எடத்த மட்டும் இன்னொரு தடவ வாசிங்க தம்பி.”

வாசித்தேன். “‘படத்தின் முடிவைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குச் சொன்னேன். ஒருவரும் சிரிக்கவில்லை. அப்பா சொன்ன முடிவுதான் எல்லோருக்கும் பிடித்தது.’”

வாசித்து முடித்த பிறகுதான் என்ன செய்தேன் என்று விளங்கியது. எந்தக் காலில் சேறு இருந்தது என்று பார்த்து வைக்கிற மனிதருக்கு முன்னால் இருக்கிறேன் என்பதை மறந்துபோனேன்.

அவர் கையை நீட்டித் தாளை வாங்கினார். எழுத்துகளை மேலிருந்து கீழே ஒருமுறை பார்த்தார். நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். மழை விட்டது. எழும்பிப் போகும்போது என் தோளில் கையை வைத்தார்.

“ரெண்டாந்தடவ வாசிச்சதே இருக்கட்டுங்க தம்பி” என்றார். “அது இன்னும் நல்லாருக்கு.”