பையில் பதினாறு பக்கம்

என் தம்பி படிக்கிறான்னா வீட்டுல ஈ கூடப் பறக்கக் கூடாது. சாயங்காலம் ஏழிலிருந்து எட்டு வரைக்கும் துரைக்கு 'வாசிப்பு நேரம்'. அதுக்குன்னே ஒரு சாய்வு நாற்காலி, பக்கத்துல ஒரு விளக்கு, கோடு போட மஞ்சளும் பச்சையுமா நாலு பேனா, நேரம் முடிஞ்சா மணி அடிக்க ஒரு கடிகாரம். குக்கர் விசிலடிச்சா "கவனம் சிதறுது"ன்னு கத்துவான். இத்தனை அலட்டலும் எதுக்கு? புத்தகத்தை மடியில வச்சுக்கிட்டு, பத்தே நிமிஷத்துல வாயைப் பிளந்துக்கிட்டுத் தூங்கத்தான். கூடப் பிறந்தவ நான், மாடி போர்ஷன்லதான் இருக்கேன். எத்தனை நாள் பார்த்திருக்கேன்!

நான் சொல்ல வந்தது அவனைப் பத்தி இல்லை, அவன் பெண்டாட்டியைப் பத்தி. ஆனா அவனை நாலு வார்த்தை திட்டாம அவளைப் பத்திப் பேச எனக்கு வராது.

அவளுக்கு ஒரு பெரிய கிடங்குல வேலை. ஜனங்க போன்ல ஆர்டர் போடற சாமானை அலமாரி அலமாரியா நடந்து தேடி எடுத்து வண்டியில போடணும். காலையில ஆறு மணிக்கு உள்ள போனா நாலு மணிக்குத்தான் வெளியே வரலாம். எவளாவது எதையாவது தூக்கிட்டுப் போயிடுவாளோன்னு பயம், அதனால உள்ளே பை கூடாது, போன் கூடாது. வீட்டுக்கு வந்தா துணி, சமையல், ரெண்டு பிள்ளைங்களோட வீட்டுப்பாடம். துரை நாற்காலியில சாயற நேரத்துக்கு இவ அடுப்படியில வெந்துக்கிட்டு இருப்பா.

கல்யாணத்துக்கு முன்னாடி ரெண்டு வருஷம் ஒரு பைண்டிங் கடையில தையல் வேலை பார்த்தவ. தைக்க வந்ததையெல்லாம் படிச்சுட்டுத்தான் தைப்பாளாம். "ஒரு ஃபாரத்துக்கு ஒரு திட்டு வாங்குவேன் அண்ணி"ன்னு சிரிப்பா. ஃபாரம்னா பதினாறு பக்கம் சேர்ந்த ஒரு மடிப்பு. அந்த மடிப்புகளை அடுக்கித் தைச்சு அட்டை போட்டாத்தான் புத்தகம்.

வாக்கப்பட்டு வந்த புதுசுல, தம்பியோட அலமாரியைப் பார்த்துட்டு ஆசையா ஒரு புத்தகம் கேட்டிருக்கா. "நான் முடிச்சதும் தரேன்"னானாம் பண்டிதன். இவனாவது, முடிக்கிறதாவது! ஈரக் கையால தொடாதே, மூலையை மடிக்காதேன்னு சட்டம் வேற. மாசம் ஒண்ணு வாங்கிட்டு வந்து, பிளாஸ்டிக் உறை மாட்டி, உசரம் பார்த்து அடுக்குவான். அதோட அவன் வாசிப்பு முடிஞ்சுது.

அவ என்ன பண்ணினா தெரியுமா? காலையில கிளம்பும்போது ஒரு புத்தகத்தை எடுத்து, ஒரே ஒரு ஃபாரத்தோட நூலை மட்டும் அறுத்து, பக்குவமா உருவி, கிடங்குக் கோட்டோட உள்பையில வச்சுக்குவா. வாசல்ல இருக்கற காவல்காரர் கனமான சாமானைத் தேடுவாரே தவிர, பதினாறு பக்கத்தை யார் சீண்டப் போறாங்க? பஸ் நிறுத்தத்துல கொஞ்சம், டீ குடிக்க விடற பத்து நிமிஷத்துல கொஞ்சம், சாப்பிட்டுக்கிட்டே கொஞ்சம். சாயங்காலம் வந்ததும் இருந்த இடத்துலயே சொருகிடுவா. ஞாயித்துக்கிழமை அவன் அரட்டை அடிக்க வெளியே போனதும், அந்த வாரம் பிரிச்சதையெல்லாம் உட்கார்ந்து தைப்பா. பிள்ளைங்க யூனிஃபார்ம் தைக்கிற நீல நூல்தான். நாலு வருஷமா இது நடந்திருக்கு.

ஒரு நாள் பஸ் நிறுத்தத்துல அவ கண்ணைத் துடைச்சுக்கிட்டே ஏதோ காகிதம் படிச்சுக்கிட்டு நின்னா. கெட்ட சேதியோன்னு பதறிப்போய் ஓடினேன். "கதையில அந்தப் பெரியவர் போயிட்டார் அண்ணி"ன்னு மூக்கை உறிஞ்சினா. அப்பத்தான் எனக்கு விஷயமே தெரியும். என் கையைப் பிடிச்சுக்கிட்டு, "அவர்கிட்ட சொல்லிடாதீங்க. அலமாரியைப் பூட்டிட்டார்னா எனக்கு வேற கதி இல்லை"ன்னா. நூலகம் போய் வரணும்னா ஒரு மணி நேரமாகும், அந்த நேரத்துக்கு அவ எங்கே போவா? நான் வாயே திறக்கலை.

எங்க இன்ஷூரன்ஸ் ஆபீஸ்ல நான் தபால் பிரிவு, தம்பி அதே மாடியில கிளெய்ம் பிரிவு. புதுசா வந்த மேனேஜரம்மா, வெள்ளிக்கிழமை மத்தியானம் யாராவது ஒருத்தர் பேசணும்னாங்க. முதல் ஆளா முந்திரிக்கொட்டை மாதிரி இவன் எழுந்தான். 'வேலைக்கு நடுவே வாசிப்புக்கு நேரம் ஒதுக்குவது எப்படி?' தலைப்பைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பை அடக்க முடியலை. அன்னிக்குன்னு பார்த்து, தடியா இருக்கேன்னு ஒரு நாவலை அலமாரியிலிருந்து எடுத்துக்கிட்டு வந்திருந்தான். அதுலேருந்து ஒரு ஃபாரம் விடிகாலையிலேயே கிடங்குக்குப் போயிருந்தது.

"நேரம் இல்லைங்கறது சோம்பேறிங்க சொல்ற சாக்கு"ன்னு ஆரம்பிச்சான். "என் வீட்டுக்காரியையே எடுத்துக்கங்க. நாலு மணிக்கே வேலை முடிஞ்சுடுது. ஆனா ஒரு பக்கம் புரட்ட மாட்டா!" எனக்கு ரத்தம் கொதிச்சுது. பல்லைக் கடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். அப்புறம் கையிலிருந்த நாவலைத் தூக்கிக் காட்டி, "இதை மட்டுமே மூணு தடவை படிச்சிருக்கேன்"னான்.

மேனேஜரம்மா முகம் மலர்ந்துபோச்சு. "அட, எனக்கு ரொம்பப் பிடிச்ச நாவலாச்சே! தங்கச்சி கடுதாசி எழுதுவாளே, அந்த இடத்தை வாசிங்களேன், எல்லாரும் கேக்கட்டும்." இவன் முன்னாடி புரட்டினான், பின்னாடி புரட்டினான், நெத்தி வியர்த்துப்போச்சு. பொறுக்க முடியாம அவங்களே வாங்கித் திறந்தாங்க. இருநூத்தி நாப்பதுக்கு அடுத்தது இருநூத்தி அம்பத்தேழு. நடுவுல அறுந்த நூல்தான் தொங்குது. "அந்தக் கடுதாசியே இல்லையே சார்! மூணு தடவையும் இப்படியேதான் படிச்சீங்களா?"

மாடியே சிரிச்சுது. நான் எல்லாரையும் விடச் சத்தமா சிரிச்சேன். உடனே அவ ஞாபகம் வந்துடுச்சு, சிரிப்பு நின்னுபோச்சு.

அவன் வீட்டுக்குள்ள நுழையறதுக்குள்ள நானும் பின்னாடியே ஓடினேன். "என் புத்தகத்தைக் கிழிச்சது யாரு?"ன்னு குதிச்சான். அவ மறைக்கலை. கோட்டுப் பையிலிருந்து அந்தப் பதினாறு பக்கத்தை எடுத்து மேசை மேல வச்சா.

"கிழிக்கலைங்க. பிரிச்சேன். திருப்பித் தைச்சுடுவேன்."

"எத்தனை நாளா நடக்குது இந்தக் கூத்து?"

"நாலு வருஷமா."

ஒவ்வொண்ணா உருவி விரிச்சுப் பார்த்தான். அலமாரியில இருந்த அத்தனையிலும் நீல நூல். நாலு வருஷமா அது பல்லை இளிச்சுக்கிட்டு இருந்திருக்கு, இந்த மகா வாசகனோட கண்ணுல படலை. மூஞ்சி செவந்துபோய், எல்லாத்தையும் உள்ளே திணிச்சுக் கதவைச் சாத்திப் பூட்டினான். மேசை மேல கிடந்த பதினாறு பக்கத்தையும் விடலை.

யார்கிட்டயும் எதுக்காகவும் கெஞ்சாதவ அவ. அன்னிக்குக் கெஞ்சினா. "இந்த ஒண்ணை மட்டும் முடிச்சுக்கறேனே. இன்னும் ஆறே ஃபாரம்தான் இருக்கு."

"தொடக் கூடாது. முடிஞ்சுது."

எனக்குப் பத்திக்கிட்டு வந்துது. "தாராளமா பூட்டுடா. ஆனா மூணு தடவை படிச்சவனாச்சே, மிச்சக் கதையை அவளுக்கு உன் வாயால சொல்லிட்டுப் பூட்டு"ன்னேன்.

அவ ஒரு அடி முன்னாடி வந்தா. கிண்டலா கேக்கலை, நிஜமாவே தெரிஞ்சுக்கணும்னு தவிச்சுக் கேட்டா. "எல்லாம் கூட வேணாங்க. கடுதாசி கிடைச்சதும் அந்த அண்ணன் திரும்பி வந்தானா? அதை மட்டும் சொல்லுங்க போதும்."

அவன் என்னைப் பார்த்தான், அவளைப் பார்த்தான்.

"எந்த அண்ணன்?"

அவ சிரிக்கலை. கையை மட்டும் நீட்டினா. அவன் அந்தக் கையில சாவியை வச்சான்.